செவிக்கல்லில் எனக்கு 4 வளையம், நண்பருக்கு 5: யார் சொல்வது சரி?

செவிக்கல் என்பது மீனின் காதுக்குள் இருக்கும் சிறு கல்; அதில் ஆண்டுக்கு ஒன்றாக விழும் குளிர்கால வளையங்களை எண்ணித்தான் வயதைக் கணிப்பார்கள். நீங்கள் விட்டது விளிம்பு வளையம் என்றால், நண்பர் சொல்வதுதான் சரி, வயது 5. வட கடல் காட் மீன், பிப்ரவரியில் பிடித்தது என்கிறீர்கள். வட அரைக்கோளத்தில் ஜனவரி 1-ஐத்தான் எல்லா மீனுக்கும் பிறந்தநாளாக வைத்துக்கொள்வார்கள். அதனால் விளிம்பில் இருக்கும் குளிர்கால வளையத்தையும் சேர்த்து எண்ண வேண்டும். நவம்பரில் பிடித்திருந்தால் அதே வளையத்தை விட்டுவிட வேண்டும்.

நீங்கள் அதைத் தவறவிட்டதற்கு வெளிச்சம் காரணமாக இருக்கலாம். மேலிருந்து ஒளி விழுந்தால் குளிர்கால வளையம் கறுப்பாகத் தெரியும். அடியிலிருந்து விழுந்தால் அதுவே பளிச்சென்று இருக்கும். கறுப்புப் பட்டையைத்தான் எண்ண வேண்டும் என்று பழகியவர்கள் விளக்கு மாறியதும் கோடை வளர்ச்சியை எண்ணிவிடுவார்கள்.

இருவரும் ஒரே விளக்கில், பிடித்த தேதியை எழுதி வைத்துக்கொண்டு மறுபடி எண்ணிப் பாருங்கள். அப்புறம் வெவ்வேறு மாதங்களில் பிடித்த மீன்களின் செவிக்கல் விளிம்பை மட்டும் ஒப்பிடுங்கள். குளிர்கால வளையம் எந்த மாதத்தில் முடிகிறது என்று கண்ணுக்கே தெரிந்துவிடும்.

ஒன்று மட்டும்: இருவர் எண்ணிக்கையும் ஒத்துப்போனால் வயது சரி என்று ஆகிவிடாது. மையத்துக்கு அருகே ஆண்டைக் குறிக்காத பொய் வளையம் இருந்தால் இருவருமே ஏமாறலாம். கிழக்கு பால்டிக் கடலின் காட் மீனில் வளையங்கள் அவ்வளவு மங்கல். அதனால் அங்கே, செவிக்கல்லில் அடையாளம் பதிக்கும் டெட்ராசைக்ளின் மருந்தைச் செலுத்திக் கடலில் விட்ட மீன்களைத் திரும்பப் பிடித்துத்தான் வளர்ச்சியை அளந்தார்கள்.