ஷிங்கெனின் கையில் விசிறி

அன்புள்ள ஐயா,

அண்மையில் சாமுராய் தொடர்கள் சிலவற்றைப் பார்த்தேன். தளபதி என்றால் உருவிய வாளோடு நிற்கிறார். வாயைத் திறந்தால் மானம், சாவு. நீங்களோ போன மாதம் ஒரு கட்டுரையில், 'சாமுராய் தளபதிக்குப் பாதி நாள் கணக்கு வழக்கிலேயே போயிருக்கும்' என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். கிண்டலா, உண்மையா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கிண்டல் இல்லை. ஒருவரை வைத்தே சொல்கிறேன்: பதினாறாம் நூற்றாண்டு ஜப்பானில் ஒரு நாட்டை ஆண்ட சாமுராய் தளபதி தகேதா ஷிங்கென்.

அவருடைய நாட்டின் பெயர் காய் (ஆமாம், அப்படித்தான்). இன்றைய யமனாஷி. சுற்றிலும் மலை, கடல் கிடையாது, உப்புகூட வெளியிலிருந்து வர வேண்டும். நடுவே கோஃபு சமவெளியில் நெல் விளையும். ஆனால் மலையிலிருந்து இறங்கும் கமனாஷி ஆறு பெருகினால் வயலெல்லாம் போய்விடும். 1541-இல் பெற்ற தந்தையை நாட்டைவிட்டுத் துரத்திவிட்டு ஷிங்கென் பொறுப்புக்கு வந்தார். வயது இருபதுகூட ஆகவில்லை. அப்புறம் அவர் கையில் எடுத்த பெரிய வேலைகளில் ஒன்று ஆற்றுக்குக் கரை. ஒரே நீளச் சுவராக இல்லை. துண்டு துண்டாக, ஒரு கரையின் வாலை அடுத்த கரையின் தலை தாண்டி நிற்கும்படி. வெள்ளம் இடைவெளி வழியே மெதுவாகப் பின்வாங்கி ஒதுங்கும், வடிந்ததும் அதே வழியில் ஆற்றுக்குத் திரும்பும். அந்தக் கரைக்கு இன்றும் அவர் பெயர்தான்.

நெல்லுக்கும் போருக்கும் என்ன சம்பந்தம் என்பீர்கள். அவரிடம் இருந்தது மாதச் சம்பளப் படை அல்ல. கீழே இருந்த ஒவ்வொருவருக்கும் நிலம் உண்டு. அதன் வருவாய்க்கு ஏற்ப இத்தனை ஈட்டி, இத்தனை வில், இத்தனை கொடி கொண்டுவர வேண்டும் என்று எழுத்தில் ஆணை போகும். போர் முடிந்தால் வெட்டிய தலைகளை வரிசையாக வைத்து யார் எடுத்தது என்று சரிபார்ப்பார்கள். பிறகு பாராட்டுக் கடிதம். வீரனின் குடும்பம் அதைத் தலைமுறை தலைமுறையாகப் பத்திரப்படுத்தும், ஏனென்றால் நாளைக்கு நிலம் கேட்க அதுதான் சான்று. மானத்துக்கும் பத்திரம் உண்டு!

வடக்கே இருந்த எதிரித் தளபதி உஏசுகி கென்ஷினோடு கவனகஜிமா சமவெளியில் 1553 முதல் 1564 வரை ஐந்து முறை மோதினார் என்பார்கள். மோதினார் என்பது பெரிய வார்த்தை. 1555-இல் ஆற்றின் இரு கரையிலும் சுமார் 200 நாள் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்; கடைசியில் பக்கத்து நாடான சுருகாவை ஆண்ட இமகவா யோஷிமோதோ நடுவில் புகுந்து விலக்கிவிட்டார். 200 நாள் அத்தனை வாய்க்கும் சோறு, குதிரைகளுக்குத் தீனி. கணக்குப் போட்டுப் பாருங்கள்.

1561-இல் நடந்தது மட்டும் நிஜமான வெட்டுக்குத்து. ஷிங்கெனின் தம்பி நொபுஷிகே அதில் செத்தார். கென்ஷின் தனியாகக் குதிரையில் பாய்ந்து வந்து வெட்ட, உட்கார்ந்திருந்த ஷிங்கென் தடுத்தார் என்ற கதையும் அந்தப் போரைப் பற்றியதுதான். வரலாற்றாசிரியர்கள் பலர் நம்புவதில்லை. அங்கே சிலை மட்டும் நிற்கிறது. சரி, கதை என்றே வைத்துக்கொள்வோம். அதிலும் ஷிங்கென் கையில் இருப்பது வாள் இல்லை. படைக்கு ஆணை காட்டும் விசிறி.

மானம் பற்றிக் கேட்டீர்கள். நாம் ஏட்டில் படிக்கும் சாமுராய் அறம் பெரும்பாலும் பின்னால் வந்த அமைதிக் காலத்தில் எழுதப்பட்டது. ஷிங்கென் காலத்தில் நடந்தது வேறு. இமகவா வீட்டோடு உறவாகி, அங்கிருந்து மூத்த மகனுக்குப் பெண்ணும் எடுத்திருந்தார். 1560-இல் யோஷிமோதோ போரில் இறந்ததும் அந்த வீடு தளர்ந்தது. அதன் கையில் இருந்த சுருகாவுக்குக் கடற்கரை உண்டு. உறவை முறிக்க மகன் யோஷிநொபு ஒப்பவில்லை. மகனைக் காவலில் வைத்தார். 1567-இல் அங்கேயே இறந்தான். மறு வருடம் ஷிங்கென் சுருகாவுக்குள் நுழைந்தார்.

1573-இல், பின்னாளில் ஜப்பான் முழுவதையும் ஆண்ட தொகுகவா இயேயசுவை மிகதகஹராவில் விரட்டியடித்த சில மாதங்களில், நோயில் இறந்தார். சாவை மூன்று வருடம் மறைக்கச் சொல்லிவிட்டுப் போனாராம். துரத்தப்பட்ட தந்தை அவருக்குப் பின்னும் உயிரோடு இருந்து 1574-இல்தான் இறந்தார். 1575-இல் ஷிங்கெனுக்குப் பின் பொறுப்புக்கு வந்த நான்காவது மகன் கத்சுயோரி நாகஷினோ போரில் தோற்றார்; யமகதா மசகாகே, பாபா நொபுஹாரு என்று அப்பாவோடு போரிட்ட தளபதிகள் அங்கே விழுந்தார்கள். 1576-இல் எரின்ஜி கோயிலில் ஷிங்கெனுக்கு முறைப்படி இறுதிச் சடங்கு நடந்தபோது அவர்களில் யாரும் இல்லை.