மாக்ராஸ் பார்க்கப் போகிறீர்களா? படத்தை ஒதுக்கி வையுங்கள்

கேள்வி: புது ரோபோ அனிமே சில பார்த்திருக்கிறேன். பழையதில் மாக்ராஸைப் பார்க்கச் சொல்கிறார்கள். தேடினால் 1982-இல் வந்த தொடர், 1984-இல் வந்த சினிமா, ரோபோடெக் என்று ஏதேதோ வருகிறது. படத்தை மட்டும் பார்த்தால் போதுமா? தொடரின் ஓவியம் ரொம்பப் பழசாகத் தெரிகிறது.

பதில்: தொடரிலிருந்தே தொடங்குங்கள். மொத்தம் 36 எபிசோட். படம் அப்புறம்.

படத்தை மட்டும் பார்க்கச் சொல்பவர்கள் ஏன் சொல்கிறார்கள் என்பது புரிகிறது. அந்தக் காலத்தில் கையால் வரைந்து எடுத்த அனிமே படங்களில் இவ்வளவு அழகானவை குறைவு. ஆனால் அது தொடரின் சுருக்கமே இல்லை. அதே ஆட்களை வைத்து, கதையை மாற்றி, புதிதாக வரைந்து எடுத்தது. தொடங்கும்போதே மாக்ராஸ் என்ற அந்த விண்கப்பல் விண்வெளியில் இருக்கும், போர் நடந்துகொண்டிருக்கும். கதாநாயகன் ஹிகாரு யார், கப்பல் அதிகாரி மிசாவோடு அவனுக்கு என்ன முறைப்பு, மின்மெய் எப்படிப் பாடகியானாள் என்று நின்று நிதானமாகச் சொல்ல இரண்டு மணி நேரத்தில் இடமில்லை. தொடரைப் பார்த்துவிட்டுப் போனால் ஒவ்வொரு காட்சியிலும் எதை மாற்றியிருக்கிறார்கள் என்று ரசிக்கலாம். நேரே போனால் படம் அழகாக இருக்கும், மனதில் ஒட்டாது.

கதை இதுதான். 1999-இல் வேற்றுக்கிரகக் கப்பல் ஒன்று பூமியில் ஒரு தீவில் வந்து விழுகிறது. பத்து ஆண்டுகள் செலவழித்து அதைச் சீர்செய்து பறக்கவிடும் நாளில், ஜென்ட்ராடி என்ற ராட்சத மனிதர்கள் அதைத் தேடி வந்துவிடுகிறார்கள். தப்பிக்க நினைத்து கப்பல் ஒரு தாவு தாவுகிறது. நிலவுக்குப் பின்னால் போக வேண்டியது, புளூட்டோ பக்கம் போய் நிற்கிறது, தீவின் ஊரையும் மக்களையும் சுற்றியிருந்த கடலையும் சேர்த்து அள்ளிக்கொண்டு. அந்த மக்கள் கப்பலுக்குள்ளேயே மறுபடி ஊரைக் கட்டுகிறார்கள். கடைத்தெரு, சீன உணவகம், அழகிப் போட்டி எல்லாம் வந்துவிடுகின்றன. கொடுமை என்னவென்றால், பிரதான பீரங்கியைச் சுட வேண்டுமானால் கப்பல் முழுவதும் உருமாற வேண்டும். ஒவ்வொரு தரமும் உள்ளே இருக்கும் ஊர் பிளக்கும்.

நான்காவது எபிசோடை மட்டும் கவனமாகப் பாருங்கள். ஹிகாருவும் மின்மெய்யும் கப்பலின் ஏதோ ஒரு மூலையில் நாள்கணக்கில் மாட்டிக்கொள்கிறார்கள். சாப்பாடு தீர்ந்துபோன நேரத்தில் சன்னலுக்கு வெளியே விண்வெளியில் ஒரு சூரை மீன் மிதந்து போகிறது. கடலும் கூடவே வந்துவிட்டதல்லவா! விண்வெளி உடையை மாட்டிக்கொண்டு அதைப் பிடிக்கக் கிளம்புகிறான் ஹிகாரு. கடைசியில் மீன்தலை மட்டும்தான் மிஞ்சுகிறது. சண்டையே இல்லாத இந்த எபிசோட் உங்களுக்குப் பிடித்தால் மாக்ராஸ் உங்களுக்கானது. ரோபோ சண்டை எங்கே என்று கை பரபரத்தால், ஆறாவது எபிசோட் வரை பொறுங்கள். அதில் எதிரிக் கப்பலுக்கு விழும் குத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

ஓவியம் பற்றிக் கேட்டது நியாயம்தான். நொபொரு இஷிகுரோ இயக்கிய இந்தத் தொடரில் பல எபிசோட்களின் வரைகலையை வெளியே கொடுத்துச் செய்தார்கள். அதனால் ஒரு வாரம் மிகிமோட்டோ வடிவமைத்த முகம் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி இருக்கும். மறுவாரம் அதே முகம் கோணிக்கொள்ளும். பழகிவிடும். 14-வதும் 17-வதும் பழைய காட்சிகளை ஒட்டித் தைத்தவை, தாராளமாகத் தாண்டிப் போகலாம். 27-வதை மட்டும் நடுராத்திரியில் தூக்கக் கலக்கத்தில் பார்க்காதீர்கள். அனிமேட்டர் இச்சிரோ இட்டானோ வரைந்த ஏவுகணைகள் புகைவால் விட்டு வளைந்து வளைந்து பறப்பதை இன்றைய அனிமேக்காரர்களும் ‘இட்டானோ சர்க்கஸ்’ என்று பெயர் சொல்லிப் பின்பற்றுகிறார்கள். இத்தனை எபிசோடாகச் சேர்த்து வைத்த பாட்டு, போர், காதல் மூன்றும் அங்கேதான் மோதுகின்றன. பாட்டு போரில் என்ன செய்யும் என்று இப்போது சொல்ல மாட்டேன்.

போர்க்கதை அதோடு ஏறக்குறைய முடிந்துவிடும். தொடரை நீட்டியதால் வந்த மிச்ச ஒன்பது எபிசோடும் இரண்டு ஆண்டு கழித்து நடப்பவை. இழுவை என்பார்கள் பலர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சண்டையைத் தவிர வேறெதுவும் தெரியாத ஜென்ட்ராடிகள் மனிதர்களோடு வாழ முயன்று திணறுவது அங்கேதான் வருகிறது. ஹிகாரு, மிசா, மின்மெய் முக்கோணக் காதலுக்கு விடையும் கடைசி எபிசோடில்தான்.

ரோபோடெக் வேறு சரக்கு. 1985-இல் அமெரிக்காவில் மாக்ராஸையும், அதோடு சம்பந்தமே இல்லாத இன்னும் இரண்டு ஜப்பானியத் தொடர்களையும் ஒன்றாகக் கோத்து 85 எபிசோட் ஆக்கினார்கள். ஹிகாரு அதில் ரிக் ஹண்டர். மின்மெய்யின் ஜப்பானியப் பாட்டுகளுக்குப் பதில் வேறு ஆங்கிலப் பாட்டுகள். பாட்டை வைத்தே நகரும் கதையில் பாட்டை மாற்றினால் என்ன ஆகும்? சிறுவயதில் அதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது பொக்கிஷம், அதைக் குறை சொல்லவில்லை. புதிதாக வருபவருக்கு வேண்டாம். ஆகவே தேடும்போது தலைப்பில் ரோபோடெக் என்று இருக்கிறதா எனப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜப்பானியக் குரலில் சப்டைட்டிலோடு பார்ப்பது நல்லது. சப்டைட்டில் படிக்கச் சிரமம் என்றால் 2006-இல் வந்த ஆங்கில டப்பிங் இருக்கிறது. மின்மெய்க்கு முதலில் குரல் கொடுத்த மாரி இஜிமாவே அதிலும் அவளுக்காகப் பேசியிருக்கிறார்.

தொடரும் படமும் முடிந்த பிறகு 1994-இல் தொடங்கிய மாக்ராஸ் பிளஸுக்குப் போங்கள். நான்கே எபிசோட், இசை யோகோ கன்னோ. அப்புறம் 2008-இன் மாக்ராஸ் ஃபிரான்டியர். மாக்ராஸ் 7-ஐ மட்டும் இப்போதைக்குத் தொட வேண்டாம். 49 எபிசோடும் ஒரே ஆள் கிடாரோடு போர்க்களத்தில் பாடிக்கொண்டே இருப்பார். அதற்குத் தனிப் பொறுமை வேண்டும்.