தொந்தரவு தராத பிள்ளையைத்தான் கவனிக்க வேண்டும்

தங்கச்சி, மதுரையிலிருந்து மலேசியாவின் கெடா மாநிலத்தில் இருக்கும் பீடோங் வந்து நான்கு மாதமாகிறது, மூன்றாம் ஆண்டு படிக்கும் மகள் வகுப்பில் வாயே திறப்பதில்லை, ஆசிரியையோ "தங்கமான பிள்ளை, ஒரு தொந்தரவும் இல்லை" என்கிறார், இதை விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விட்டுவிடாதீர்கள்.

ஊர் புதுசு, மலாய் புதுசு, முதல் சில வாரம் பிள்ளை பேசாமல் இருப்பது சகஜம்தான். ஆனால் வீட்டில் வாயாடும் பிள்ளைக்குப் பள்ளியில் மட்டும் மாதக்கணக்காகக் குரல் எழும்பவில்லை என்றால் அது பிடிவாதமில்லை, பதற்றமாக இருக்கலாம். அடிதடி பண்ணுகிற பையனின் சங்கதி அன்றைக்கே தலைமையாசிரியர் வரைக்கும் போய்விடும். உள்ளுக்குள்ளேயே புழுங்குகிற பிள்ளையால் யாருக்கும் இடைஞ்சல் இல்லையே, அதனால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, எனக்கு இதுதான் பெரிய ஆதங்கம்.

அடிக்கடி வயிற்றுவலி என்கிறீர்களே, எந்த நாளில் வருகிறது என்று குறித்து வையுங்கள். கெடாவில் வெள்ளியும் சனியும்தான் விடுமுறை, ஞாயிறு பள்ளி. சனிக்கிழமை ராத்திரி தொடங்கி வியாழன் சாயங்காலம் காணாமல் போகிற வலியென்றால் காரணம் ஓரளவு புரியும். அதற்காக நடிக்கிறாள் என்று நினைக்காதீர்கள், மனப் பதற்றத்தில் வயிறு நிஜமாகவே வலிக்கும். தூக்கம் கெடுவது, ஒரு எழுத்து பிசகினாலும் தாளைக் கிழிப்பது, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவது, இவையும் அதே வகைதான். பிள்ளைகளுக்கு மனச்சோர்வு அழுகையாக வராமல் கோபமாகவும் வரும்.

எதிரே உட்கார வைத்து விசாரிக்காதீர்கள். கீரை ஆயும்போது, காரில் போகும்போது, பக்கத்தில் இருந்தபடி பேச்சுக் கொடுங்கள். "உனக்கென்ன குறை வைத்தோம்" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், அதோடு வாயை மூடிக்கொள்வாள். பாவமென்று லீவு போட வைத்தால் அன்றைக்கு நிம்மதி, மறுநாள் பள்ளிக்குப் போவது இன்னும் கஷ்டம். வகுப்புத் தோழி ஒருத்தியை வீட்டுக்குக் கூப்பிடுங்கள், முதலில் அவளோடு பேசட்டும், அப்புறம் கேண்டீனில், அப்புறம் வகுப்பில். எல்லார் முன்னாலும் எழுப்பிக் கேள்வி கேட்க வேண்டாம், இப்போதைக்குத் தலையாட்டினால் போதும் என்று ஆசிரியையிடம் சொல்லி வையுங்கள்.

அக்கம்பக்கத்தில் காத்துக் கருப்பு என்பார்கள். கோயிலுக்குப் போங்கள், மந்திரிக்கவும் செய்யுங்கள், ஆனால் அரசு கிளினிக்கைத் தள்ளிப்போடாதீர்கள். உடம்பில் கோளாறு இருக்கிறதா என்று முதலில் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பார்கள். செத்துப்போகலாம் போல இருக்கிறது என்று எப்போதாவது சொன்னால் அதட்டாமல் நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது, தனியாக விடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். மனம்விட்டுப் பேச சுகாதார அமைச்சின் 15555 எண்ணும் இருக்கிறது, காலை 8 மணியிலிருந்து நள்ளிரவு வரை.

கிளினிக் போகும்போது பாஸ்போர்ட்டையும் வலி வந்த நாட்களைக் குறித்த தாளையும் எடுத்துப் போங்கள். வெளிநாட்டவருக்குக் கட்டணம் கூடுதல், கையில் பணம் இருக்கட்டும்.