தினமும் 5 மணி நேரத் தூக்கம், ஆனால் சோர்வே இல்லை. இதனால் சுகரும் பிரஷரும் வருமா?

கேள்வியில் நீங்கள் தந்திருக்கும் விவரம் இவ்வளவு: வயது 37. இரவு 12.30-க்குப் படுத்து 5.30-க்கு அலாரம் வைத்து எழுகிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை 10 மணி வரை தூங்கி ஈடுகட்டுகிறீர்கள். பகலில் சோர்வு இல்லை. போன மாதம் ஃபாஸ்டிங் சுகர் 108.

வரும் வாய்ப்பு கூடும். 108 என்பது 100-க்கும் 125-க்கும் இடையே, அதாவது சர்க்கரை நோய்க்கு முந்தைய கட்டத்தில்தான் இருக்கிறது. முழுப் பழியும் தூக்கத்தின் மேல் இல்லை. பரம்பரை, தொப்பை, நடக்காத வாழ்க்கை எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. ஆனால் தூக்கத்தின் பங்கு பலர் நினைப்பதைவிடப் பெரிது.

முதலில் அந்தச் 'சோர்வே இல்லை'. உங்களை ஏமாற்றுவது அதுதான். 2003-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தினர் ஆரோக்கியமானவர்களைத் தொடர்ந்து 14 இரவுகள் 4 அல்லது 6 மணி நேரம் மட்டும் படுக்கவிட்டுச் சோதித்தார்கள். கவனத்தை அளக்கும் சோதனையில் தவறுகள் நாளுக்கு நாள் ஏறின. 'எவ்வளவு தூக்கமாக வருகிறது?' என்ற கேள்விக்கு அவர்கள் போட்டுக்கொண்ட மதிப்பெண் மட்டும் சில நாட்களிலேயே பெரிதாக ஏறாமல் நின்றுவிட்டது. நம் நினைப்பு பழகிவிடுகிறது, உடம்பு பழகுவதில்லை. 5 மணி நேரமே போதும் என்று பிறந்தவர்கள் இருக்கிறார்கள்; அதற்குக் காரணமான ஒரு மரபணு மாற்றமும் 2009-ல் கண்டறியப்பட்டது. மிக அபூர்வம். அப்படிப்பட்டவருக்கு அலாரம் வேண்டாம், லீவு நாளிலும் தானாக விழித்துவிடுவார். ஞாயிறு 10 மணி வரை தூங்குகிறவர் அந்த வகை இல்லை.

சுகருக்கு வருவோம். சிகாகோ பல்கலைக்கழகத்தினர் 1999-ல் வெளியிட்ட சோதனைதான் இந்தத் துறையில் பலருடைய கண்ணைத் திறந்தது. 11 இளைஞர்கள், யாருக்கும் எந்த நோயும் இல்லை. முதல் 3 இரவு 8 மணி நேரம், அடுத்த 6 இரவு 4 மணி நேரம், பிறகு 7 இரவு 12 மணி நேரம் படுக்கை. நரம்பில் குளுக்கோஸ் ஏற்றி, அது ரத்தத்திலிருந்து எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று பார்த்தார்கள். நன்றாகத் தூங்கிய பிறகு இருந்த வேகத்தைவிட, தூக்கம் கெட்ட 6 நாளின் முடிவில் அது சுமார் 40 சதவீதம் குறைந்திருந்தது. சாயங்காலம் தணிய வேண்டிய கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் தணியாமல் நின்றது. கார்டிசால் கல்லீரலைச் சர்க்கரை தயாரிக்கச் சொல்லும், இன்சுலினின் வேலையைக் கெடுக்கும். ஒரே வாரத்தில், ஒல்லியான இளைஞர்களுக்கே இப்படி என்றால், தொப்பையுடன் வருடக்கணக்கில் இதைச் செய்கிறவரைப் பற்றி யோசித்துக்கொள்ளுங்கள்.

பசி இன்னொரு வழி. அதே பல்கலைக்கழகத்தினரின் 2004 சோதனையில் இரண்டே இரவு 4 மணி நேரத் தூக்கம். 'போதும்' என்று சொல்லும் லெப்டின் 18 சதவீதம் இறங்கியது, பசியைக் கிளப்பும் கிரெலின் 28 சதவீதம் ஏறியது. இரவு 11 மணிக்கு மிக்சர் டப்பாவைத் தேடிப் போவதை மன உறுதிக் குறைவு என்று மட்டும் சொல்ல முடியாது. டயட்டில் இருப்பவர்கள் 2010-ல் வந்த இன்னொரு சோதனையைக் கவனிக்க வேண்டும். ஒரே அளவு குறைந்த சாப்பாடு, 14 நாள். 8.5 மணி நேரம் படுத்தபோது 1.4 கிலோ கொழுப்பு கரைந்தது, 5.5 மணி நேரம் படுத்தபோது 0.6 கிலோதான். மொத்த எடை இரண்டு முறையும் ஏறத்தாழ ஒரே அளவு குறைந்ததால் எடை மெஷினுக்கு வித்தியாசம் தெரியாது. மீதி, தசை போன்ற கொழுப்பல்லாத பகுதியிலிருந்து போனது.

இதயத்துக்கு என்ன ஆகிறது? தூக்கத்தில் பிரஷர் பகலைவிட 10 முதல் 20 சதவீதம் இறங்குவது இயல்பு. இதயத்துக்கும் ரத்தக்குழாய்க்கும் தினமும் கிடைக்கிற ஓய்வு அதுதான். 5 மணி நேரம் தூங்கினால் அந்த ஓய்வு சுருங்கும். அரைகுறைத் தூக்கத்தில் சிலருக்கு இறக்கமே இருக்காது. கிளினிக்கில் பகலில் பார்க்கும் 128/82 போன்ற ஓர் அளவு இதைக் காட்டாது. வீட்டில் பாருங்கள்: எழுந்து ஒரு மணி நேரத்துக்குள், சிறுநீர் கழித்துவிட்டு, காபிக்கு முன், 5 நிமிடம் சாய்ந்து உட்கார்ந்தபின் ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை. இரவு படுக்குமுன் அதேபோல் இரண்டு. 7 நாள் எடுத்து, முதல் நாளை விட்டுவிட்டுச் சராசரி போடுங்கள். 135/85 அல்லது அதற்கு மேல் என்றால் டாக்டரிடம் போங்கள், 24 மணி நேர பிரஷர் பதிவு தேவையா என்றும் கேளுங்கள். அமெரிக்க இதயச் சங்கம் 2022-ல் இதய நலத்துக்கான தன் பட்டியலில் தூக்கத்தையும் சேர்த்தது. பெரியவர்களுக்கு அவர்கள் சொல்வது 7 முதல் 9 மணி நேரம்.

(9 மணி நேரத்துக்கு மேல் தூங்குகிறவர்களுக்கும் ஆபத்து கூடுதல் என்று படித்திருப்பீர்கள். அங்கே பெரும்பாலும் உள்ளே இருக்கும் ஏதோ ஒரு நோய்தான் அதிகம் தூங்க வைக்கிறது.)

ஞாயிறு ஈடுகட்டல் போதாது. 2019-ல் கொலராடோ பல்கலைக்கழகத்தினர் வாரநாளில் 5 மணி நேரம், வார இறுதியில் இஷ்டத்துக்கு என்று விட்டுப் பார்த்தார்கள். திரும்ப 5 மணி நேரத்துக்கு வந்ததும் இன்சுலின் வேலை செய்வது சரியாகவில்லை. அதோடு 10 மணிக்கு எழுந்தால் அன்றிரவு தூக்கம் வராது, திங்கட்கிழமை மறுபடி அதே கதை.

செய்ய வேண்டியதைச் சொல்வதற்கு முன் ஒரு பிரிவினை. உங்களுக்கு நேரம் இல்லாமல் தூக்கம் குறைவா, படுத்தும் வராமல் குறைவா? இரண்டுக்கும் மருந்து நேர் எதிர். ஒரு வாரம் படுத்த நேரம், உத்தேசமாகத் தூங்கிய நேரம், எழுந்த நேரம் எழுதுங்கள். தூங்கியதைப் படுக்கையில் கழித்த நேரத்தால் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். தலை சாய்த்ததும் தூங்கி 90-க்கு மேல் வந்தால், நேரம்தான் பற்றவில்லை. எழும் நேரத்தை 5.30-லேயே நிறுத்திவிட்டு, படுக்கும் நேரத்தை 4 நாளுக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னால் நகர்த்துங்கள். ஒரே நாளில் 10.30-க்குப் போனால் விழித்துக்கொண்டுதான் கிடப்பீர்கள். 10.30-க்கு வந்து சேர ஒரு மாதம் ஆகும், ஆகட்டும்.

85-க்குக் கீழே என்றால் அது தூக்கமின்மை. 'சீக்கிரம் படு' என்ற யோசனை இங்கே கெடுதலே செய்யும். படுக்கை என்றாலே விழிப்பு என்று மூளை கற்றுக்கொள்ளும். இவர்களுக்குப் படுக்கை நேரத்தைத் தற்காலிகமாகக் குறைத்து, 20 நிமிடமாகத் தூக்கம் வராவிட்டால் எழுந்து போகச் சொல்லும் நடத்தை சிகிச்சைதான் முதலில், மாத்திரை அப்புறம். வலிப்பு, இருமுனைக் கோளாறு உள்ளவர்களும், வண்டி ஓட்டுவதே தொழிலாக உள்ளவர்களும் தாமாக இதில் இறங்கக் கூடாது.

காபி பாதி வெளியேறவே 5, 6 மணி நேரம் ஆகும், எனவே மதியம் 2 மணியோடு நிறுத்துங்கள். இரவுச் சாப்பாடு படுப்பதற்கு 3 மணி நேரம் முன்னால். நேரம் தாழ்த்தினால், மெலடோனின் என்ற தூக்க ஹார்மோன் ஏறி இன்சுலின் சுரப்பைக் குறைத்திருக்கும் வேளையில் சோறு உள்ளே போகும். அதே இரண்டு கரண்டிக்கு சுகர் இன்னும் அதிகமாக ஏறும்.

நீங்கள் குறட்டை பற்றி எழுதவில்லை, ஆனால் விடுகிறவருக்கு அது தெரியாது. உடன் தூங்குகிறவரைப் போனில் 10 நிமிடம் பதிவு செய்யச் சொல்லுங்கள். சத்தம் நின்று, சில விநாடி அமைதி, பிறகு திணறி ஒரு மூச்சு என்று திரும்பத் திரும்ப வந்தால் மணிக்கணக்கைக் கூட்டுவதால் மட்டும் பயனில்லை. அந்த வீடியோவையும் ஒரு வார பிரஷர் கணக்கையும் எடுத்துக்கொண்டு நுரையீரல் அல்லது காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போய், தூக்கப் பரிசோதனை வேண்டுமா என்று கேளுங்கள். அதுவரை தூக்க மாத்திரையோ இரவில் மதுவோ வேண்டாம், இரண்டும் தொண்டைத் தசையைத் தளர்த்தி மூச்சடைப்பை மோசமாக்கும்.