ஊடகச் சட்டமும் அறமும்: மனப்பாடப் பாடமா?

நாகர்கோவிலில் இதழியல் சேரப்போகும் தம்பி, "ஊடகச் சட்டம் என்றால் பிரிவு எண்களை உருப்போடுவதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஓரளவு ஆமாம். அரசமைப்பின் 19(1)(அ) பேச்சுரிமை தருகிறது, 19(2) அதற்கு வேலி போடுகிறது. அவதூறு முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 499-இல் இருந்தது. 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவு. பழைய நோட்ஸை நம்பிப் படித்தால் இங்கேதான் சறுக்கும்.

ஆனால் பாடத்தின் உயிர் வழக்குகளில்தான் இருக்கிறது. 1994-இல் ராஜகோபால் வழக்கு: மரண தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் சுயசரிதையை நக்கீரன் இதழ் வெளியிடுவதை அரசு முன்கூட்டியே தடுக்க முடியாது என்றது உச்ச நீதிமன்றம். தனிமனித அந்தரங்கத்துக்கு உரிமை உண்டு என்றதும் அதே தீர்ப்புதான். இதை மட்டும் முழுசாகப் படியுங்கள், பாதிப் பாடம் புரிந்துவிடும்.

சரி, அறம்? 2017 நவம்பர் 30, ஒக்கி புயல். தூத்தூர், சின்னத்துறை மீனவக் கிராமங்களின் கரையில் கடலைப் பார்த்து அழுதுகொண்டிருந்த பெண்ணின் முகத்தருகே கேமராவை நீட்டுவது எந்தச் சட்டப்படியும் குற்றமில்லாமல் போகலாம். நீட்டலாமா? கடலுக்குப் போன ஆள் திரும்பவில்லை என்பதற்காக, உறுதிசெய்யாமல் இறந்தார் என்று போடலாமா? வகுப்பில் இதைத்தான் சண்டை போட்டுப் பேசவேண்டும்.

அப்புறம் ஒன்று: போக்சோ, அதாவது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம், பிரிவு 23. பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர் மட்டுமல்ல, பள்ளி, தெரு, குடும்ப விவரம் எதுவும் வெளிவரக்கூடாது. மீறினால் 6 மாதம் முதல் 1 ஆண்டு வரை சிறை. எல்லாருக்கும் எல்லாரையும் தெரிந்த நம் சின்ன ஊர்களில், "குளத்துக்கரைப் பள்ளி மாணவி" என்று எழுதினாலே ஆளைக் காட்டிக்கொடுத்ததுதான்.