மடியிடுக்கில் ஈஸ்ட், கருப்பையிலும் ஈஸ்ட்: குதிரை சினை நிற்காததற்கு அதுதான் காரணமா?

கேள்வி: என் பெண் குதிரைக்கு 14 வயது. மூன்று பருவத்தில் சேர்த்தும் சினை நிற்கவில்லை. இரண்டு முறை கருப்பைக்குள் ஆன்டிபயாடிக் விட்டோம். இப்போது பரிசோதனையில் ஈஸ்ட் என்று வந்திருக்கிறது. மடியிடுக்கில் பிசுபிசுப்பான அழுக்கு, வாலையும் தேய்க்கிறது. அங்கிருந்துதான் உள்ளே போயிருக்குமா? பொலிகுதிரையையும் மருந்து போட்டுக் கழுவிவிடலாமா?

பதில்: மடியிடுக்கில் இருப்பது மலசீசியாவாக இருக்கலாம். கொழுப்பை உண்டு வாழும் ஈஸ்ட் அது; ஈஸ்ட் என்பது ஒரு வகை நுண்பூஞ்சை. நலமான குதிரைத் தோலிலும் இருக்கும். பெருகினால் அரிக்கும், வாலைத் தேய்க்க வைக்கும். அதற்குத் தனியாக வைத்தியம் பாருங்கள். கருப்பையில் அதிகம் தொல்லை தருவது கேண்டிடா என்ற வேறு வகை ஈஸ்ட். அதனால் வெளியே கண்டதை வைத்து உள்ளேயும் அதுதான் என்று முடிவு கட்ட வேண்டாம்.

முதலில் மாதிரி எங்கிருந்து எடுத்தார்கள் என்று கேளுங்கள். புழைவாயில் (பெண்குறியின் வெளிவாய்) ஈஸ்ட் இருப்பது சாதாரணம். உறை போட்ட குச்சியால் கருப்பைக்குள்ளிருந்தே எடுத்து, ஈஸ்டோடு அழற்சிச் செல்களும் தெரிந்தால்தான் உண்மையான தொற்று என்று நம்பலாம்.

அப்படி இருந்தால், வழி திறந்துவிட்டது அந்த ஆன்டிபயாடிக்காகவே இருக்கக்கூடும். பாக்டீரியா அழிந்த இடத்தில் ஈஸ்ட் தழைக்கும். மூன்றாவது முறை தயவுசெய்து விடாதீர்கள்.

இந்த வயதில் நான் முதலில் பார்ப்பது புழைவாயைத்தான். அது சாய்ந்து ஆசனவாய் உள்ளே இழுபட்டிருந்தால் சாணம் அதன் மேல் விழும். புழைவாயின் உதடுகளை மெல்லப் பிரிக்கும்போது காற்று உள்ளே இழுபடும் சத்தம் கேட்டால் மேல்பகுதியைத் தைத்து மூட வேண்டியிருக்கும். இதைச் சரிசெய்யாமல் எந்த மருந்து விட்டாலும் தொற்று திரும்பி வரும்.

அப்புறம்தான் மருந்து. பருவத்தில் இருக்கும்போது சில நாட்கள் தொடர்ந்து கருப்பையைக் கழுவி, மாதிரியிலுள்ள ஈஸ்டை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனைக்கு ஏற்ற பூஞ்சைக்கொல்லியை மருத்துவர் விடுவார். பெண்குறிக் காம்பைச் சுற்றியுள்ள குழியிலும் ஈஸ்ட் ஒளிந்திருக்கும், அதையும் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். வினிகர் கலந்த கழுவலை நீங்களே செய்து பார்க்க வேண்டாம், அளவு தவறினால் கருப்பைச் சுவர் புண்ணாகும்.

பொலிகுதிரையைக் கிருமிநாசினியால் கழுவாதீர்கள். உறுப்பில் இயல்பாக வாழும் பாக்டீரியா போய், சூடோமோனாஸ், கிளெப்சியெல்லா போன்ற தொற்று தரும் பாக்டீரியா குடியேறும். வெதுவெதுப்பான வெறும் தண்ணீர் போதும். சந்தேகம் இருந்தால் அதற்கும் மாதிரி எடுக்கட்டும்.

குதிரைக்குப் பருவச் சுழற்சி ஏறக்குறைய 21 நாள். அடுத்த பருவத்தில் மறுபடி மாதிரி எடுத்து, சுத்தம் என்று வந்த பிறகே பொலிகுதிரையோடு சேர்த்துவிடுங்கள்.