ரெய்க்யவிக் 1972, உலகச் சதுரங்கப் பட்டப் போட்டியின் ஆறாவது ஆட்டம்: கேள்வி பதில்

கேள்வி: அமெரிக்காவின் ஃபிஷர் இ4 ஆடுபவர், அதாவது ராஜாவுக்கு முன்னிருக்கும் சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தித் தொடங்குபவர் ஆயிற்றே? சோவியத் உலக சாம்பியன் ஸ்பாஸ்கியுடனான பட்டப் போட்டியில், வெள்ளைக் காய்களோடு ஆடிய இந்த ஆட்டத்தை ஏன் சி4 என்று தொடங்கினார்?

பதில்: எதிரணி இ4-க்குத் தயாராக இருக்கும் என்பது அவருக்குத் தெரியாதா என்ன! மூன்றாவது நகர்வில் டி4 வந்ததும் ஆட்டம் குயின்ஸ் காம்பிட் மறுப்பு என்ற தொடக்க முறைக்குள் நுழைந்தது. ஏழாவது நகர்வில் ஸ்பாஸ்கி பி6 ஆடினார். இந்த நகர்வுக்கு டார்டகோவர் முறை என்று பெயர், அவருக்குக் கைவந்த தற்காப்பு. அதையே உடைக்கத் துணிந்தார் ஃபிஷர்.

கேள்வி: 14-வது நகர்வில் மந்திரியை (பிஷப்) பி5-க்குக் கொண்டுவந்தது ஃபிஷரின் கண்டுபிடிப்பா ஐயா?

பதில்: இல்லை. 1970-ல் சோவியத் வீரர் ஃபுர்மன் இதை ஆடி சக நாட்டவரான கெல்லரை வென்றிருந்தார். அதே கெல்லர்தான் ரெய்க்யவிக்கில் ஸ்பாஸ்கியின் உதவியாளர்! ஸ்பாஸ்கி ஏ6 ஆடினார். சரியான விடையை 1973-ல் நெதர்லாந்து வீரர் டிம்மனுக்கு எதிராகக் கெல்லரே காட்டினார்: ராணி பி7. கறுப்பு ஒரு சிப்பாயை இழக்கும்; ஆனால் ராணி ஏ6-க்கு வந்து எஃப்1 கட்டத்தைக் குறிவைத்ததும் வெள்ளை ராஜா காஸ்லிங் செய்ய (யானையோடு சேர்ந்து பாதுகாப்பான ஓரத்துக்கு நகர) முடியாமல் நடுவிலேயே சிக்கிக்கொள்ளும். தொடக்க ஆட்டத்தில் இதைவிட அழகான பதிலடியை நான் அதிகம் பார்த்ததில்லை.

கேள்வி: ஸ்பாஸ்கி எங்கே சறுக்கினார்?

பதில்: 20-வது நகர்வில், சிப்பாயை டி4-க்குத் தள்ளியபோது. சி5, டி5 சிப்பாய்கள் அருகருகே நிற்கும்வரை சி4 கட்டம் கறுப்பின் பிடியில் இருந்தது. டி4 வந்ததும் அது வெள்ளை மந்திரிக்குக் கிடைத்துவிட்டது. அங்கிருந்து இ6 சிப்பாயை அது விடாமல் மிரட்ட, மறுபக்கம் எஃப்4, இ5, எஃப்5 என்று வெள்ளைச் சிப்பாய்கள் முன்னேறின.

கேள்வி: 38-வது நகர்வில் யானையைப் பலி கொடுத்தாரே?

பதில்: எஃப்6 குதிரையை யானையால் வெட்டியதைத்தான் எல்லோரும் கொண்டாடுகிறார்கள். எனக்கு அதற்கு முந்தைய நகர்வுகள்தான் பிடிக்கும். ஸ்பாஸ்கியின் ராணி டி8, இ8, மீண்டும் டி8 என்று தவிக்கிறது. ஃபிஷரோ அவசரமே இல்லாமல் ஏ4, யானை எஃப்2, யானை எஃப்3 என்று ஒவ்வொரு காயையும் சீர்செய்கிறார்.

கேள்வி: ஸ்பாஸ்கி கைதட்டியது உண்மையா?

பதில்: உண்மை. 41-வது நகர்வில் தோல்வியை ஒப்புக்கொண்டவர், அரங்கத்தோடு சேர்ந்து கைதட்டினார். 0–2 என்று பின்தங்கியிருந்த ஃபிஷர் 3.5–2.5 என்று முன்னிலை பெற்றது அன்றுதான்.

கேள்வி: பயிற்சிக்கு எங்கிருந்து தொடங்கலாம்?

பதில்: வெள்ளையின் 14-வது நகர்வு முடிந்த நிலையைப் பலகையில் வைத்து, கறுப்புக்கு ராணி பி7 ஆடிப் பாருங்கள். நண்பர் ஒருவர் வெள்ளைக்கு ஆடட்டும். பிறகு பக்கம் மாறுங்கள்.